கல்மாவு ஷெட்டுக்கு ஆள் தேவை

1977 ஆகஸ்டு 3, புதன்

காலை எட்டு மணிக்கே வெயில். சாயங்காலம் பெண்ணாடம் பக்கம் மின்னல். இங்கே ஒரு சொட்டு இல்லை.

இரண்டாம் சூளை திறந்தாயிற்று. கோப்பைகளில் கிளேஸ் பூச்சு பிடிக்கவில்லை. காதோரம் ஒதுங்கிச் சொட்டையாக நிற்கிறது. முதலாளி முகம் அதைவிட மோசம்.

வாங்க: பிளேடு, தபால் கவர், செருப்புக்கு வார்.

பேப்பரில் விளம்பரம். மெட்ராஸுக்கு வடக்கே பெரிய ஆலை, பாதுகாப்பு அலுவலர் ஒருவர் தேவை. டிப்ளமோ போதும், ஆலைக்குள் வேலை செய்த அனுபவம் வேண்டும். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் இப்படி ஒருவனை வைத்தே ஆக வேண்டும். நம் பீங்கான் கம்பெனியில் மொத்தமே அறுபது பேர். இங்கே நான் சூளை சூபர்வைசர். மெட்ராஸில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த பாவத்துக்கு 'சேஃப்டி'யும் நானே. சம்பளம் அதே சம்பளம்.

ஜப்பாரிடம் காட்டினேன். அறைத் தோழன், பஸ் ஸ்டாண்டு எதிரில் சைக்கிள் கடை. அவன் அண்ணன் துபாயில்.

"எங்க அண்ணன் எழுதியிருந்துச்சு. அங்க ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு சும்மா நிக்கிறதுக்கே ஒரு ஆளாம். எவன் வுழுறான்னு எண்ணிக்கிட்டே இருக்கணுமாம்."

"வுழாம பாத்துக்கறதுடா அது."

"எவனும் வுழலன்னா உனக்கு எதுக்குடா சம்பளம் குடுப்பான்?"

தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். வரவில்லை.

ஆகஸ்டு 5, வெள்ளி

விண்ணப்பம் எழுதினேன். 'இதுவரை ஆற்றிய பாதுகாப்புப் பணிகள்' என்று ஒரு பத்தி கேட்கிறான். எழுத ஒன்றுதான் இருக்கிறது.

கலியபெருமாள். இனி க.பெ. கல்மாவு ஷெட்டில் நான் வருவதற்கு முன்பிருந்தே வேலை. வெள்ளைக் கல்லைச் சுட்டு, நொறுக்கி, சலிக்கிற ஷெட். உலர்ந்த மாவு, உள்ளே பனி மாதிரி நிற்கும். ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார், வேலை முடிந்ததும் அதே துண்டில் முகம் துடைப்பார். கம்பெனியில் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுக்கிற வழக்கம். தூசியை இறக்கிவிடுமாம். நெஞ்சுக்குள் போனது வெல்லத்துக்கு எப்படி இறங்கும்? தொண்டை வேறு, நுரையீரல் வேறு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

தை மாதம் அவரைக் கடலூர் அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தேன். டி.பி. இல்லை, தூசி என்றார் டாக்டர். அன்றே அவரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தேன். தூசி உறிஞ்சும் விசிறி வைக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்திருந்த சமயம், முதலாளிக்கு வழியில்லை. பூட்டினார். மாவு இப்போது வெளியிலிருந்து லாரியில் வருகிறது.

க.பெ.க்கு வேறு வேலை தரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. தினம் வந்து கம்பெனி கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. கூப்பிட்டால் "சும்மாதான் சார்" என்பார். ஆனியில் செத்துப்போனார்.

எழுதியது: 'தூசியால் பாதிக்கப்பட்ட தொழிலாளியை உரிய காலத்தில் கண்டறிந்து அப்பணியிலிருந்து விடுவித்தேன்.' உண்மைதான். ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஆகஸ்டு 8, திங்கள்

க.பெ. மனைவி அஞ்சலை வந்திருந்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ். முதலாளி அறையில் நானும் இருந்தேன்.

"அவரு எடத்தை எனக்குக் குடுங்க மொதலாளி. ஷெட்டைத் தொறங்க. நான் சலிக்கிறேன்."

முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. லாரிக்குக் குடுக்கறதை உனக்குக் குடுத்துட்டுப் போறேன். தோ, சேஃப்டி சாரு. அவரு கையெழுத்து போட்டாத்தான் பூட்டைத் தொறக்க முடியும்."

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எதனால செத்தாரு?" என்றேன்.

"வேலை போனதால."

"தூசியால."

"வேலைக்குப் போன வரைக்கும் உசுரோடதான சார் இருந்தாரு?"

முதலாளி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபினிஷிங் பகுதியில் இவளைப் போடச் சொன்னேன். ஆள் நிறைய இருக்கிறதாம். கையெழுத்து போட மாட்டேன் என்றேன். அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "நீங்க இந்தக் கம்பெனியில இருக்கற வரைக்கும்தான சார்?" கேள்வியா, வேறு ஏதாவதா, புரியவில்லை.

மத்தியானம் ஷெட் பக்கமாகப் போனேன். உள்ளே இருமல். இரண்டு சின்னது, ஒரு பெரியது. க.பெ. கணக்கு அதுதான். வெயிலில் தகரம் விரிகிற சத்தம். தெரியும். தெரிந்தும் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆகஸ்டு 19, வெள்ளி

ஜப்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. என்ன என்றேன்.

"உம்மேல பிராது கட்டியிருக்காங்கடா. கொளஞ்சியப்பர் கோயில்ல."

மணவாளநல்லூர் கோயில். இந்த ஊர்க்காரர்களுக்குக் கோர்ட்டே அதுதான். காணாமல் போன மாடு, திரும்பாத கடன், ஓடிப்போன புருஷன், எல்லாவற்றுக்கும் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மனுதாரர் ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பக் கட்டணம். சாமிக்கே பஸ் சார்ஜ். காரியம் முடிந்ததும் திரும்பப் போய் ராஜினாமா எழுதிப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான எழுதிக் குடுத்தேன்."

"நீயா?"

"அந்தக் கலியபெருமாள் பொண்டாட்டி பஸ்ஸ விட்டு எறங்கி நேரா கடைக்கு வந்துச்சு. தம்பி, ஒரு மனு எழுதிக் குடுன்னுச்சு. யாருக்கு வேணா எழுதிக் குடுக்கறதுதான. பாதி எழுதின பொறவுதான் எதிரி நீன்னு தெரிஞ்சுது. பாதியில நிறுத்தக் கூடாதுடா. எங்க அத்தாவே காணாமப் போன மாட்டுக்கு அங்க கட்டுனவரு. வெளையாட்டு இல்ல."

"நான் நாசமாப் போவணும்னா?"

"அது ஒண்ணும் கெட்டது எழுதச் சொல்லல. 'அந்த சாரு இந்தக் கம்பெனியை வுட்டுப் போவணும். நல்லாப் போவட்டும். எனக்கு ஷெட்டு கெடைக்கணும்.' அவ்ளோதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையெழுத்து நல்லா வந்துது" என்றான்.

சிரித்தேன். சூளையில் வெப்பமானி வைத்து வேலை செய்கிறவன், வேலில் கட்டிய காகிதத்துக்கா பயப்படுவேன்?

நெஞ்சில் எதுவோ கரகரப்பு. மழை வரும் முன் வருகிற சளி.

செப்டம்பர் 1, வியாழன்

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. 12ஆம் தேதி மெட்ராஸில். இரண்டு முறை படித்தேன். பிறகு தேதியைப் பார்த்தேன். பிறகு பிராது கட்டிய தேதியை நினைத்தேன். முட்டாள்தனம். விண்ணப்பம் அதற்கு முன்பே போய்விட்டது.

எடுத்துப்போக: சான்றிதழ்கள், வெள்ளைச் சட்டை (காலர் திருப்பித் தைக்க வேண்டும்), க.பெ. எக்ஸ்ரே.

எக்ஸ்ரே டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பக்கமும் பொடி தூவினாற்போல். கழுத்தில் கட்டியிருந்த தாயத்து மட்டும் பளிச்சென்று தெரிகிறது. கழற்றச் சொல்ல மறந்திருக்கிறார்கள்.

ஜப்பார் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "உள்ள வையிடா அதை."

செப்டம்பர் 12, திங்கள்

மெட்ராஸ். புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் அதிகம் பேசினார். நான் செய்ததில் ஒன்றைச் சொல்லச் சொன்னார். எக்ஸ்ரேயைக் கொடுத்தேன். எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மற்ற இருவரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். மூன்று வழுக்கைகள், நடுவில் க.பெ.யின் நெஞ்சு.

"நல்ல கேஸ்" என்றார் நடுவில் இருந்தவர். "இவ்வளவு தெளிவாக யாரும் கொண்டுவந்ததில்லை."

அந்த ஆளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள் என்று ரயிலிலேயே பதில் தயார் செய்திருந்தேன். எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் நிறுத்துவது என்று. யாரும் கேட்கவில்லை. ஷெட்டை மூடியதால் உற்பத்தி எவ்வளவு குறைந்தது என்று கேட்டார்கள். குறையவில்லை, வெளியே வாங்கினோம் என்றேன். தலையாட்டினார்கள்.

எக்ஸ்ரே அங்கேயே இருக்கட்டும், புது ஆட்களுக்கு வகுப்பு எடுக்க உதவும் என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். படியிறங்கிய பிறகுதான், அது என்னுடையது இல்லையே என்று தோன்றியது. திரும்பி ஏறவில்லை. ரயிலுக்கு நேரம் இருந்தது.

செப்டம்பர் 14, புதன்

கேட்டருகே அஞ்சலை. சண்டைக்கு வந்தாள் என்று நினைத்தேன்.

"சார், கடலூர்ல அவரை ஒரு போட்டோ எடுத்தீங்களே."

"அது போட்டோ இல்லம்மா. உள்ளுக்கு எடுக்கறது."

"தெரியும் சார். நானும்தான வந்தேன். வேற போட்டோ ஒண்ணும் இல்ல. சின்னப் பொண்ணு அப்பா போட்டோ எங்கன்னு கேக்குது. அதுல மொகம் வராதுதான். தாயத்தாவது இருக்கும்ல."

மெட்ராஸில் இருக்கிறது என்றேன்.

"மெட்ராஸுலயா? எதுக்கு?"

"பெரிய ஆளுங்க பாக்கறதுக்கு."

"அவரு மெட்ராஸு போனதே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஊர்க்காரர்களிடம் சொல்ல ஒரு செய்தி கிடைத்தது போல் சொன்னாள்.

எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். முடிவு தெரியாத நேரத்தில் இப்படிக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? ஆர்டர் வரட்டும்.

செப்டம்பர் 26, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. அக்டோபர் 10 சேர வேண்டும்.

ஜப்பார் கட்டிப்பிடித்தான். பிறகு மெதுவாக, "அதுக்கும் கெடைச்சுடுச்சுடா" என்றான். எதற்கு என்று கேட்கவில்லை. காலையிலிருந்து அதே நினைப்புதான். நான் போனால் கையெழுத்து மறுக்க ஆள் இல்லை. எனக்கு வேலை கிடைத்ததா, அவள் மனு பலித்ததா? இரண்டும் ஒரே கவரில் வந்திருக்கிறது.

முதலாளி கை குலுக்கினார். "சந்தோசம் தம்பி. பெரிய எடம். அந்தக் கிளேஸ மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

"ஷெட்டு?"

"விசிறிக்கு எங்க தம்பி போறது? லாரிக்காரன் ரேட்டை ஏத்திட்டான். அந்தம்மா நடையா நடக்குது. நீங்க போனப்புறம் தொறக்கறேன். உங்க மேல ஒரு சொல் வராது."

என் மேல் சொல் வராது. என்ன அக்கறை.

கிளேஸ் கோளாறு என்னவென்று எனக்கு முந்தாநாளே தெரியும். சுட்ட கோப்பை மேல் தூசி படிகிறது, அதன் மேல் கிளேஸ் பிடிக்கவில்லை. ஈர ஸ்பாஞ்சில் துடைத்தால் போதும். சொல்லவில்லை. பேரம் பேசினேன். ஷெட்டைத் திறப்பதாக இருந்தால் தண்ணீர்க் குழாய் போடுங்கள், மாவை நனைத்துக்கொண்டே சலிக்கட்டும், தூசி எழாது. குழாய் வந்தால் கிளேஸ் சரியாகும்.

"மெரட்டறீங்க" என்றார். சம்மதித்தார்.

அப்புறம்தான் ஸ்பாஞ்சைச் சொன்னேன். அன்று மத்தியானமே கோப்பை துடைக்க இரண்டு பெண்களைப் போட்டுவிட்டார். கோப்பை மேல் தூசி என்றால் ஒரு மத்தியானம் போதும்.

செப்டம்பர் 30, வெள்ளி

தூறல். தெரு முழுக்கக் கரும்பு லாரி, சேறு.

குழாய் வந்துவிட்டது. சிறு துளைகள் நானே போட்டேன். மாவு அடங்குகிறது. நன்றாகவே வேலை செய்கிறது. திங்கள்கிழமை திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அஞ்சலை ஜப்பார் கடைக்கு வந்து ராஜினாமா எழுதி வாங்கிப்போனாளாம். 'கேட்டது நடந்தது. எதிரி பேரில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.' போகும்போது கடையில் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஜப்பார் நான்கு தின்றுவிட்டான். நான் தொடவில்லை.

அக்டோபர் 3, திங்கள்

ஷெட் திறந்தார்கள்.

பத்து மணிக்குப் போனேன். வாசலில் நின்றவன் நின்றபடியே. உள்ளே க.பெ. காக்கிச் சட்டை, முழங்கையில் ஒட்டு. தலையில் துண்டு, முகம் வெள்ளை, இமை வெள்ளை. சல்லடையை ஆட்டுகிற தோள் அதே தோள். இரண்டு சின்ன இருமல்.

பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"அவரு சட்டைதான் சார்" என்றாள் அஞ்சலை. "சேலை நைஞ்சு போவுதேன்னு மேல போட்டுக்கிட்டேன்."

போய் ஒரு டீ குடித்தேன். பிறகுதான் உறைத்தது. முகம் ஏன் அவ்வளவு வெள்ளை? குழாய் என்ன ஆயிற்று?

அக்டோபர் 6, வியாழன்

குழாயை மூடி வைக்கிறாள். இன்று மூன்று முறை திறந்தேன். நான் திரும்பியதும் மூடுகிறாள்.

"ஈர மாவு சல்லடையில எறங்குமா சார்? கட்டிக்குது. ஒரு மூட்டை சலிக்கிற நேரத்துல அரை மூட்டைகூட ஆவல. மூட்டைக்குத்தான கூலி?"

கூலி மூட்டைக் கணக்கு. அதை நான் யோசிக்கவே இல்லை. துளையின் விட்டம், தண்ணீர் அழுத்தம், எல்லாம் கணக்குப் போட்டேன்.

முதலாளியிடம் போனேன். நாள் கூலியாக மாற்றுங்கள் என்றேன். "தண்ணி கேட்டீங்க, போட்டேன். இப்ப கூலியா? சனிக்கிழமையோட நீங்க இந்தக் கம்பெனி ஆள் இல்ல தம்பி. போற எடத்துல பெரிசா பண்ணுங்க." கோபமில்லை. டீ வரவழைத்தார்.

இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு எழுதலாம். எழுதினால் ஷெட்டுக்குப் பூட்டு. பூட்டினால் புளியமரத்தடியில் இன்னொரு ஆள். இதுவரை ஒரு முறை செய்தாயிற்று.

எழுத உட்கார்ந்தேன். பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி.

அக்டோபர் 8, சனி

கடைசி நாள். காலையில் மழை, பிறகு வெளுத்தது. சாவி ஒப்படைத்தேன். சர்க்கார் உத்தியோகம் வாங்கியவன் மாதிரி எல்லோரும் கும்பிட்டார்கள். மாலை, ஒரு டிபன் கேரியர். ஏழு மணி ரயில்.

பெட்டி கட்டும் முன் ஷெட்டுக்குப் போனேன். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று. வேறென்ன தெரியும் எனக்கு?

"தூசியாலதான் செத்தாரு. உங்களுக்கு நான் சொன்னது புரியலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சல்லடையைக் கீழே வைத்தாள். "புரியாம என்னா சார்? அவரு துப்புனதைக் கழுவுனவ நான். வெள்ளையாத்தான் இருக்கும். சிமிட்டி மாதிரி எறுகிக்கும்."

"அப்புறம் ஏன் வேலை போனதாலன்னீங்க?"

"மொதலாளி முன்னால வேற என்னா சொல்றது? தூசியாலன்னா ஷெட்டு குடுப்பாரா?"

பிறகு அவளே கேட்டாள்.

"படிச்சிருக்கீங்க. சொல்லுங்க சார். இதுல நின்னா எத்தினி வருசம்?"

சொல்லியிருக்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுகிற வாய். "ஆளைப் பொறுத்து. பத்து வருசம். கொறையவும் செய்யும்."

விரலை மடக்கினாள். மடக்க மடக்க மாவு உதிர்ந்தது.

"சின்னதுக்கு ஏழு நடக்குது. பத்துன்னா பதினேழு." உதட்டைப் பிதுக்கினாள். கூலியில் கால் ரூபாய் குறைந்த முகம். "பதினெட்டாச்சுன்னா ஒரு எடம் பாத்துக் கட்டிக் குடுத்துடலாம். ஒரு வருசம் ஒதைக்குது."

குழாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சார், மத்தியானத்துக்கு மேல மட்டும் தண்ணியத் தொறந்து வுட்டா, ஒரு வருசம் கூடுமா?"

கூடும் என்றேன்.